ஓடுகிற அம்மாக்கள் பெண் பிள்ளைகளிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் பெண்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் பிள்ளை பெற்ற பிறகு, முப்பதைத் தாண்டிய பிறகு ஓட வந்தவர்கள். ஓட்டம் தனக்குக் கொடுத்த உறுதியும் நிம்மதியும் தன் பெண்ணுக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட வேண்டும் என்று அவர்கள் ஆசைப்படுவது இயல்பு. எனக்கும் இரண்டு பெண்கள், எனக்கும் அதே ஆசை. அந்த ஆசையில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: பெரியவர்களின் ஓட்டத்தை அப்படியே பிள்ளையின் தலையில் ஏற்றுவது.

பிள்ளை எழும் முன்பே போய், களைத்துத் திரும்புவது

அம்மா நாலே முக்காலுக்குக் கிளம்புகிறாள். திரும்பி வரும்போது வீட்டில் பள்ளிக்குக் கிளம்பும் அமளி. பிள்ளை பார்ப்பது வியர்த்த சட்டையையும், அவசரத்தையும், "ஐயோ கால் வலிக்குதே" என்ற முனகலையும்தான். ஓடும்போது அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. ஓட்டம் என்றால் அம்மா வீட்டில் இல்லாத நேரம் என்று அவள் மனதில் பதிந்துவிடுகிறது.

வாரத்தில் ஒரு ஓட்டத்தையாவது பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மைதானத்தில் நீங்கள் சுற்றும்போது அவர்கள் மணலில் விளையாடட்டும், பெரியவள் சைக்கிளில் கூடவே வரட்டும். முடித்ததும் "இன்னிக்கு நல்லா இருந்துச்சு கண்ணு" என்று அவர்கள் காதுபடச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் அறிவுரைகளைவிட அதிகம் வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. மகள்களை வகுப்பு வகுப்பாக ஏற்றி இறக்குவதற்காகத் தன் ஓட்டத்தையே விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி காத்திருப்பது. கென்யாவின் ஓட்ட வீராங்கனை ஃபெய்த் கிப்யேகோன் 2018ல் மகளைப் பெற்ற பிறகும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் 1500 மீட்டர் தங்கம் வென்றார். நமக்குப் பதக்கம் தேவையில்லை. பெண் என்றால் கல்யாணம் வரை விளையாட்டு, பிறகு வேடிக்கை பார்ப்பது என்ற பாடம் மட்டும் நம் வீட்டில் நடக்காமல் இருந்தால் போதும்.

குழந்தையைக் குள்ளமான பெரியவளாக நினைப்பது

ஆறு வயதுக் குழந்தை திடீரென்று பாய்ந்து ஓடும். பத்து எட்டு வைத்ததும் நின்று, மரவட்டையைக் குனிந்து பார்க்கும். மறுபடி பாயும். "ஒரே சீரா ஓடு பாப்பா, இப்பவே மூச்சு வாங்கிடாத" என்று அம்மா திருத்துகிறாள். திருத்தத் தேவையே இல்லை. 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் இயல்பான அசைவுகளைக் கவனித்து 1995ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களுடைய தீவிரமான அசைவுகளில் 95 சதவீதம் 15 விநாடிகூட நீடிக்கவில்லை என்று அதில் தெரிந்தது. பாய்வதும் நிற்பதும் மறுபடி பாய்வதும்தான் அந்த வயதின் ஓட்டம். அதே வேகத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்குக் குழந்தை செலவழிக்கும் ஆக்சிஜன் பெரியவர்களைவிட அதிகம். அவளை நம் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு போவது நமக்கு லேசான ஓட்டம், அவளுக்குப் பந்தயம்.

ஆகவே சின்னவர்களுக்கு ஆட்டம் கொடுங்கள். பாண்டி ஆடினால் ஒற்றைக் காலில் சமநிலை வரும். கயிறு தாண்டுவதும் பச்சைக்குதிரையும் எலும்புக்கு நல்லது, ஏனென்றால் குதித்து இறங்கும் அதிர்வில்தான் எலும்பு உறுதிப்படுகிறது. கோ-கோவில் சட்டென்று எழுந்து திசை மாறி ஓடும் பழக்கம் வரும். கல்லா மண்ணா, ஓடிப்பிடிச்சு இரண்டும் கணக்குப் பார்க்காமல் அரை மணி நேரத்தை விழுங்கிவிடும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்றாக அசைய வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலுச் சேர்க்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடமும் ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை. பள்ளி இடைவேளையில் கொஞ்சம், மாலையில் தெருவில் கொஞ்சம், மாடிப்படியில் கொஞ்சம் என்று சேர்ந்துகொள்ளும். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பரவலாக 180 நிமிடம் என்பது பரிந்துரை. அடக்கி உட்கார வைக்காவிட்டால் அவர்கள் அதைத் தாங்களே செய்துவிடுவார்கள்.

கையில் வாட்ச் கட்டி விடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்ற கேள்வி உங்கள் பயிற்சியோடு நிற்கட்டும்.

சட்டையில் பந்தய எண் குத்திக்கொண்டு ஓடும் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். ஏழு வயதுப் பெண் அழுதுகொண்டே நடப்பாள், ஃபினிஷ் கோட்டில் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக அம்மா அவள் கையைப் பிடித்து இழுப்பாள். அந்தப் பிள்ளை மெடலை மறந்துவிடும், இழுத்ததை மறக்காது. நடுவில் "போதும்மா" என்றால் அங்கேயே நிறுத்தி, இளநீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அதற்கு மனம் ஒப்பாது என்றால் பெயரே கொடுக்க வேண்டாம்.

எடையைப் பற்றிப் பேசுவது

நான் மிகவும் அஞ்சுகிற தவறு இது, ஏனென்றால் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. "நேத்து பிரியாணி சாப்பிட்டேன், இன்னிக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடித்தான் கரைக்கணும்" என்று தோழியிடம் போனில் சொல்வோம். கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்ப்போம். பக்கத்தில் எட்டு வயதுக்காரி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு ஒரு குற்றம், ஓட்டம் அதற்குச் செலுத்தும் அபராதம், அம்மாவின் உடம்பு அம்மாவுக்கே பிடிக்கவில்லை, தன் உடம்பும் நாளை இப்படித்தான் என்று அவள் கற்றுக்கொள்கிறாள்.

உறவுக் கூட்டங்களில் இது இன்னும் வெளிப்படையாக வரும். "பாப்பா கொஞ்சம் குண்டாயிட்டாளே, நீ ஓடறப்போ கூட்டிட்டுப் போகலாமே" என்று பெரியம்மா சொன்னால் சிரித்துக் கடக்காதீர்கள். பிள்ளையின் முன்னாலேயே, மரியாதை குறையாமல், "அவ வளர்ற வயசு பெரியம்மா, ரொம்ப நல்லா விளையாடறா" என்று சொல்லிவிடுங்கள். பெரியம்மா மனம் மாறுகிறாரோ இல்லையோ, பதில் போய்ச் சேர வேண்டியது பிள்ளையின் காதுக்கு. வளர்ச்சிப் பருவத்துக்குச் சற்று முன் பெண் பிள்ளைகள் பூசினாற்போல் ஆவது வழக்கம். எடை பற்றி உண்மையான கவலை இருந்தால் அதைக் குழந்தை மருத்துவரிடம், பிள்ளை காதில் விழாமல் பேசுங்கள்.

எதற்காக ஓட வேண்டும் என்று பிள்ளை கேட்டால் சொல்ல உடம்பு எடையைத் தவிர எவ்வளவோ இருக்கிறது. மருதமலைப் படியை மூச்சு வாங்காமல் ஏறலாம். பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கலாம். ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

தண்டனையும் லஞ்சமும்

பள்ளியில் தாமதமாக வந்தால் மைதானத்தை இரண்டு ரவுண்டு ஓடச் சொல்கிறார்கள். அதையே வீட்டிலும் செய்தால் ஓட்டத்தின் மேல் பிள்ளைக்கு இருக்கும் மிச்ச ஆசையும் போய்விடும். "ஓடினா அரை மணி நேரம் போன் தர்றேன்" என்பதும் அதே ரகம். போன்தான் இனிப்பு, ஓட்டம் கசப்பு மருந்து என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகிறது.

அக்காவையும் தங்கையையும் ஒரே தராசில் வைப்பது

கோவையைச் சேர்ந்த இரட்டையர் வித்யா ராம்ராஜும் நித்யா ராம்ராஜும் நமக்கு நல்ல உதாரணம். ஒரே நாளில் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், இருவரும் தடை ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடுகிறவர்கள். அப்படியும் வித்யாவின் பந்தயம் 400 மீட்டர், நித்யாவின் பந்தயம் 100 மீட்டர். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா ஓடிய 55.42 விநாடி என்ற தேசிய சாதனையை 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வித்யா சமன் செய்து, வெண்கலமும் வென்றார். இரட்டையருக்கே பந்தயம் வேறு என்றால், நான்கு வயது வித்தியாசம் உள்ள நம் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமே இல்லை. ஒருத்தி ஓடட்டும், ஒருத்தி சிலம்பம் சுற்றட்டும், பரதம் ஆடட்டும், நீச்சல் குளத்தில் கிடக்கட்டும். நான் ஓடுகிறேன் என்பதற்காக என் பிள்ளை ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவள் உடம்பு அசைய வேண்டும், அவ்வளவுதான்.

வயதுக்கு வந்ததும் உள்ளே இழுப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைத் தொகுத்து 2019ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரையான பெண்களில் 85 சதவீதம் பேர் போதுமான அளவு உடல் அசைவு இல்லாதவர்கள். பையன்களில் அது 78 சதவீதம். இரு தரப்பிலும் நிலைமை மோசம்தான், பெண்களிடம் இன்னும் மோசம். நம் ஊரில் அதற்கான காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஐந்தாம் வகுப்பு வரை தெருவில் பறந்து திரிந்தவளை மஞ்சள் நீராட்டுக்குப் பிறகு தெருவில் காண முடிவதில்லை. "வயசுக்கு வந்த புள்ளைய இன்னும் ரோட்டுல ஓட உடறியா?" என்று அம்மாயி கேட்பார். பத்தாம் வகுப்பு நெருங்கினால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார்.

உயரம் வேகமாகக் கூடும் உச்ச காலத்தைச் சுற்றிய இரண்டு ஆண்டுகளில், வளர்ந்த பெண்ணின் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறக்குறைய கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. பெண்களுக்கு அந்த உச்சம் பொதுவாக 11, 12 வயதில். குதித்து ஓடி எலும்பைக் கட்ட வேண்டிய அதே வயதில் அவளை உட்கார வைக்கிறோம். பிற்காலத்தில் எலும்புத் தேய்மானம் என்று மருத்துவமனைக்கு அலையும் நம் அம்மாக்களையும் அத்தைகளையும் பார்த்த பிறகும் இதைச் செய்யலாமா?

ஓடுகிற அம்மாவால் மற்ற யாரையும்விட அதிகம் உதவ முடிகிற இடம் இது. நமக்கு அனுபவம் இருக்கிறது, அதைப் பேசினால் போதும். மாதவிடாய் வருவதற்கு முன்பே, அந்த நாட்களிலும் நான் ஓடுவேன், முடியாவிட்டால் நடப்பேன், ரொம்ப வலித்தால் படுத்துக்கொள்வேன் என்று சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். நாப்கினோடு ஓடினால் தொடை உரசும் என்பதையும், அடர் நிறக் கால்சட்டை போட்டால் கறைப் பயம் குறையும் என்பதையும் சொல்லுங்கள். மார்பு வளரத் தொடங்கியதும் அளவான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிக் கொடுங்கள். ஓடும்போது வலிக்கிறது, யாராவது பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் சொல்லாமல் விளையாட்டை விட்ட பெண்கள் ஏராளம். அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கேட்கவே மாட்டாள்.

15 வயதாகியும் மாதவிடாய் தொடங்கவில்லை என்றாலும், தொடங்கி ஒழுங்கான பிறகு மூன்று மாதம் நின்றாலும், "ஓடறதால அப்படித்தான்" என்று விடாதீர்கள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல் உடல் கொடுக்கும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும்.

சோர்வைச் சோம்பல் என்று திட்டுவது

நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவள் கொஞ்ச நாளாக உட்கார்ந்தே இருக்கிறாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், 15 முதல் 19 வயது வரையான இந்தியப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக் கீரை, ராகி, எள், முட்டை, ஈரல் என்று வீட்டில் இருப்பதையும் சேர்த்துக் கொடுங்கள். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் நிறுத்துங்கள், அது இரும்பை உடலில் சேரவிடாது. வெறும் வயிற்றில் ஓடுவது நம் வழக்கமாக இருக்கலாம், பிள்ளைக்கு ஒரு வாழைப்பழமாவது உள்ளே போகட்டும்.

வெயிலிலும் பிள்ளைகள் நம்மைப்போல் அல்ல. பெரியவர்களைவிடக் குறைவாக வியர்ப்பவர்கள், தாகத்தைச் சொல்லவும் மறப்பவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் மாலை ஐந்துக்கு முன் மைதானம் வேண்டாம்.

வலியோடு ஓட வைப்பது, எல்லாவற்றையும் நாமே சொல்லித் தருவது

வளரும் எலும்பின் நுனியில் இன்னும் கெட்டிப்படாத பகுதி உண்டு. தசைநார் அதைத் தொடர்ந்து இழுக்கும்போது குதிகாலிலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயும் வலி வரும். உயரம் வேகமாகக் கூடும் காலத்தில் இது சாதாரணம், ஓய்வில் சரியாகும். ராத்திரியில் இரண்டு காலும் வலித்து, காலையில் துள்ளிக்கொண்டு ஓடினால் கவலை இல்லை. ஒரே இடத்தில் வலி, வீக்கம், நொண்டி நடப்பது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். "வலியத் தாண்டி ஓடணும்" என்ற மாரத்தான் வசனத்தைப் பிள்ளையிடம் சொல்லவே கூடாது.

அவளாகவே ஒரு நாள் "எனக்குப் போட்டியில ஓடணும்மா" என்று கேட்டால், பயிற்சியாளர் வேலையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டாம். சாப்பாட்டு மேசையிலும் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு அம்மா இல்லாமல் போய்விடுவாள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் அருகில் எங்கே தடகளப் பயிற்சி நடக்கிறது என்று சொல்வார்கள். சேர்க்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, சுத்தமான கழிவறையும் உடை மாற்ற அறையும் இருக்கின்றனவா, பயிற்சி நேரத்தில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க விடுவார்களா, தனியாக வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப் போகும்போது கூட வரும் பெண் யார் என்று கேளுங்கள். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.