நார்வேயில் ஏழு நாள் கார்ப் பயணம்: கிலோமீட்டரை நம்பாதீர்கள்

நண்பர் ஒருவர் தம் நார்வே பயணத் திட்டத்தை அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். தலைநகர் ஆஸ்லோவில் கார் எடுப்பது, மேற்கே பெர்கன், கெய்ராங்கர், அப்படியே வடக்கே லோஃபோட்டன் தீவுகள், முடிந்தால் வடகோடியில் நூர்காப் முனை, பிறகு மறுபடியும் ஆஸ்லோ. எல்லாம் ஏழே நாளில். நான் திருப்பி எழுதியது ஒரே கேள்வி: "இதில் காரை விட்டு எந்த நாள் இறங்குவதாக உத்தேசம்?"

முதல் தவறு இதுதான். பெரிய தவறும் இதுதான். ஆஸ்லோவிலிருந்து போடோ துறைமுகமே சுமார் 1,200 கிலோமீட்டர். அங்கிருந்து லோஃபோட்டனின் மொஸ்கெனெஸுக்குப் படகில் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். நூர்காப்புக்கு நார்வே வழியாகவே போனால் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். தூரமாவது வரைபடத்தில் தெரிந்துவிடுகிறது, வேகம் தெரிவதில்லை. பொது வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர், ஊருக்குள் 50. மணிக்கு 110 வரை அனுமதிக்கும் நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் ஆஸ்லோவைச் சுற்றிய தென்பகுதியில்தான் இருக்கின்றன. ஆஸ்லோ–பெர்கன் தூரம் 500 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் எங்கும் நிற்காமல் ஓட்டினாலும் ஏழு மணி நேரம் பிடிக்கும். நிற்காமல் ஓட்டுவதற்கா அவ்வளவு தூரம் போகிறோம்?

காரணம் நிலம். பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் கடல் புகுந்துதான் ஃபியோர்டுகள் உண்டாயின. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் நுழைகிறது. ஆழம் 1,300 மீட்டர் வரை போகிறது. அப்படிப்பட்ட நீருக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஊர் கண்ணுக்கு எட்டும், காருக்கு எட்டாது. ஒன்று படகில் ஏற வேண்டும், அல்லது அரை நாள் சுற்ற வேண்டும்.

ஆகவே ஏழு நாளுக்கு ஒரே ஒரு வட்டாரம். என்னைக் கேட்டால், முதல் முறை போகிறவர்களுக்கு மேற்கு ஃபியோர்டுகள் போதும். பெர்கனில் கார் எடுத்துப் பெர்கனிலேயே திருப்பிக் கொடுங்கள். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் அதற்கென்று தனிக் கட்டணம் கேட்பார்கள், அது சில சமயம் வாடகையையே தொட்டுவிடும். சோக்னே ஃபியோர்டுப் பக்கம் அவுர்லாண்டில் இரண்டு இரவு, கெய்ராங்கர் பக்கம் இரண்டு இரவு, இடையில் ஓர் இரவு, மீதி பெர்கனுக்கு. ஒரு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் போனால் அது பயணமாக இருக்காது, சரக்கு லாரி ஓட்டுவது போலாகிவிடும். லோஃபோட்டன்தான் வேண்டும் என்றால் விமானத்தில் நேரே வடக்கே போய் அங்கே கார் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தவறு, வழிகாட்டும் செயலி காட்டுகிற பாதையில் கண்ணை மூடிக்கொண்டு போவது. அதற்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும். அவுர்லாண்டிலிருந்து லார்டாலுக்குப் போகச் சொன்னால் அது உங்களை 24.5 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் இறக்கிவிடும். 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இதுதான் உலகின் மிக நீளமான சாலைச் சுரங்கம். ஓட்டுகிறவர்களுக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க, நடுவே மூன்று இடங்களில் குகைபோல அகலப்படுத்தி நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். ஒருமுறை பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதே இரண்டு ஊர்களுக்கிடையே மலைமேல் பழைய சாலை ஒன்று 1,306 மீட்டர் உயரம்வரை ஏறி இறங்குகிறது. கோடையிலும் ஓரத்தில் பனி குவிந்து கிடப்பதால் பனிச்சாலை என்றே பெயர். அவுர்லாண்டிலிருந்து அதில் சிறிது தூரம் ஏறினாலே ஸ்டெகாஸ்டைன் என்ற மேடை வந்துவிடும். மலைச்சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீண்டு, முனையில் சட்டென்று கீழ்நோக்கி வளையும் மரப்பாலம் அது. முனையில் தடுப்பாக இருப்பது கண்ணாடி மட்டும். 650 மீட்டர் கீழே ஃபியோர்டு. இருபது நிமிடச் சுரங்கத்துக்காக இதை விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் பனிச்சாலை போன்ற மலைச்சாலைகள் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. பொதுவாக ஜூன் வாக்கில்தான் பனியை வெட்டித் திறப்பார்கள். இலையுதிர் காலத்தில் பனி விழத் தொடங்கியதும் மூடிவிடுவார்கள். மே மாதம் டிக்கெட் மலிவு என்று போய், தடுப்புக் கம்பத்தின் முன்னால் நின்று வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. பதினொரு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ட்ரோல்ஸ்டீகன் சாலையை 2024இல் பாறை விழும் அபாயம் காரணமாகக் கோடை நடுவிலேயே மூடிவிட்டார்கள். எனவே காலையில் புறப்படுவதற்கு முன் நார்வே சாலைத் துறையின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

கோடையில் போய், இரவு வானில் தோன்றும் வடக்கு ஒளியைப் பார்க்கத் திட்டமிடுவது இன்னொரு தவறு. வடக்கே இருக்கும் டிராம்சோ நகரில் ஜூன் முழுவதும், ஜூலையில் பெரும்பகுதியும் சூரியனே மறையாது. ஒளி தெரிய இருட்டு வேண்டாமா?

படகைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. சின்ன ஃபியோர்டுகளைக் கடக்கும் பெரும்பாலான படகுகளுக்கு முன்பதிவு இல்லை. துறையில் கோடு போட்ட வரிசையில் நிறுத்துங்கள், கை காட்டும்போது ஏற்றுங்கள், கைப்பிரேக்கைப் போடுங்கள், மேலே போங்கள். மேற்குக் கரைப் படகுகளின் சிற்றுண்டிக் கடையில் ஸ்வெலே கிடைக்கும்: தடித்த, மிருதுவான அப்பம் போன்றது, உள்ளே வெண்ணெயும் சர்க்கரையும் அல்லது பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து இரண்டாக மடித்துத் தருவார்கள். தவறு எங்கே நடக்கிறதென்றால், படகுக்கான காத்திருப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஜூலையில் முன்னால் நிற்கும் வண்டிகளோடு படகு நிரம்பிவிட்டால் அடுத்ததுவரை நிற்க வேண்டியதுதான். ஒவ்வொரு படகுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஓட்டுவதில், வலப்பக்கம் ஓட்டுவது இரண்டு நாளில் பழகிவிடும். பழகாதது வேறு. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்களுக்கு வலப்புறமிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும், அது குட்டிச் சந்திலிருந்து வந்தாலும். நீங்கள் பெரிய சாலையில் இருப்பதால் நிற்க மாட்டீர்கள் என்று அந்த ஓட்டுநர் நினைக்கமாட்டார், தன் பாட்டுக்கு வந்துவிடுவார். ஒற்றை வண்டி மட்டும் போகும் மலைச்சாலைகளில் நீலப் பலகையில் 'எம்' என்ற எழுத்து இருக்கும். எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடம் அது. படம் எடுக்க அங்கே நிறுத்திவிட்டுப் போனால் பின்னால் வருகிற பஸ் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்க நேரும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். வேகக் கேமராக்களில் சில, ஓரிடத்தில் மட்டும் பார்ப்பதில்லை. இரண்டு கேமராக்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடுகின்றன. கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் கெட்டிக்காரத்தனம் அங்கே செல்லாது, அபராதமும் நார்வே நாணயமான குரோனரில் ஆயிரக்கணக்கில் வரும். மது இரத்தத்தில் 0.02 சதவீதம்தான் எல்லை. ஒரு பீர் குடித்தால்கூட ஓட்டாதீர்கள்.

தங்குமிடத்தில் ஒரு சிக்கனம் உண்டு. முகாம் மைதானங்களில் ஹித்தே எனப்படும் மரக்குடில்கள் ஹோட்டலைவிட மலிவு. ஆனால் பலவற்றில் மெத்தை மட்டும்தான் இருக்கும். விரிப்பும் உறையும் நீங்கள் கொண்டுபோக வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். புறப்படும்போது பெருக்கித் துடைத்துவிட்டுப் போகவும் சொல்வார்கள். விரிப்பு தரமாட்டார்கள் என்பதை நான் முதல் இரவு பதினொரு மணிக்குத் தெரிந்துகொண்டு கம்பளிச் சட்டையைப் போர்த்திக்கொண்டு படுத்தேன். ஜூலையில் நார்வேக்காரர்களே விடுமுறையில் கிளம்பிவிடுவதால் குடில்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடாதவர்களுக்குப் பெட்ரோல் பங்க்கின் ஹாட் டாக்தான் கதி. சைவர்களுக்கு அதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

கடைசியாகச் சுங்கம். சாவடியைத் தேடாதீர்கள், இருக்காது. தலைக்கு மேல் கம்பத்தில் இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள்ளும். பல படகுகளிலும் அதேதான். தொகை வாடகை நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து உங்கள் கடன் அட்டைக்கு வரும். கார் எடுக்கும்போதே சேவைக் கட்டணம் தனியாக உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்து, பயணக் கணக்கை முடித்து மூடிவைத்த பிறகு, செல்பேசியில் குரோனரில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.