பழைய அச்சுத் தமிழை வாசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி: ஜெபப் புத்தகத்தில் தொடங்கி வைத்திய நூல் வரை

ஆச்சியின் ஜெபப் புத்தகம் என் கைக்கு வந்தபோது அதற்கு அட்டை இல்லை, முதல் நாலு தாளும் இல்லை. கடைசியில் இருந்த வெற்றுத் தாளில் மட்டும் யாரோ மசியால் எழுதியிருந்தார்கள். மேலே இரண்டு பிள்ளைகள் பிறந்த தேதி, கீழே ஓமம், வசம்பு, சுக்கு என்று ஒரு மருந்துக் குறிப்பு. ஒவ்வொரு சரக்கின் பெயருக்கு முன்னாலும் எனக்குப் பிடிபடாத ஒரு குறி இருந்தது. அந்தக் குறியை வாசிக்கத் தெரிந்துகொள்ளலாம் என்று ஆரம்பித்ததுதான், இப்போது 1800களில் அச்சான தமிழ் வைத்திய நூல்களையும் கிறித்தவ பக்தி நூல்களையும் ஓரளவு தடுமாறாமல் வாசிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறேன். யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை, அதனால் நிறைய நேரம் வீணானது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வகை நூலையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்றால், தமிழில் அவை சேர்ந்தே வளர்ந்தவை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி, அவருடைய மருத்துவ நூல்களும் சுவிசேஷத் துண்டுப் பிரசுரங்களும் ஒரே மிஷன் பணியிலிருந்து வந்தவை. ஒன்றை வாசிக்கப் பழகினால் அடுத்தது பாதி திறந்துகொள்ளும்.

படி 1: வைத்திய நூலில் தொடங்காதீர்கள்

நான் செய்த முதல் தவறு இதுதான். வைத்திய நூலில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, பொருளும் புதிது. ஒரு வார்த்தை தடுக்கினால் அது எழுத்துக் கோளாறா, நமக்குத் தெரியாத மூலிகையா என்றே தெரியாது. அதற்குப் பதில், வாசகம் உங்களுக்கு முன்பே தெரிந்த ஒரு பக்கத்தை எடுங்கள். கர்த்தருடைய ஜெபம் அதற்கு ரொம்பப் பொருத்தம், ஏறத்தாழ எல்லாப் பழைய கிறித்தவ நூலிலும் அது இருக்கும். நீங்கள் கிறித்தவராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்றைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நூல்கள் எங்கே கிடைக்கும்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ தளம், அப்புறம் இன்டர்நெட் ஆர்க்கைவ். நேரில் போக முடிந்தவர்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் தேடி விட்டுவிடாதீர்கள். இரணவைத்தியம், ரணவைத்தியம், ரண வைத்தியம் என்று மூன்றாகவும் போட்டுப் பாருங்கள். என்னென்ன நூல் அச்சானது என்றே தெரியாதவர்களுக்கு ஜான் மர்டாக் 1865இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல் நல்ல துணை. பொருள்வாரியாகப் பிரித்திருப்பதால் அன்றைய புத்தகக் கடைக்குள் நுழைந்து அலமாரிகளைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இன்னொன்று, காலத்தில் பின்னோக்கிப் போங்கள். 1860க்குப் பிந்தைய அச்சு நம் கண்ணுக்குக் கிட்டத்தட்டப் பழக்கமானது. அங்கிருந்து 1700களின் தரங்கம்பாடி அச்சுக்குப் போகலாம். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ வெறும் 16 பக்கம்தான், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எழுத்து

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். முதலில் சுலபமானது. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழியை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா மூன்றும் துணைக்கால் இல்லாமல் ஒரே எழுத்தாக வளைந்திருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எல்லாரும் எழுதியது இப்படித்தான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது புள்ளி. பழைய அச்சில், ஓலைச்சுவடியில் இருப்பது போலவே, மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் கிடையாது. வீரமாமுனிவர் கொண்டுவந்த நெடில் வடிவங்கள் எல்லா அச்சகத்திலும் உடனே நிலைத்துவிடவில்லை. ஜெபத்தின் முதல் வரியை அந்த முறையில் எழுதிக் காட்டுகிறேன்:

பரமணடலஙகளிலிருககிற எஙகள பிதாவெ உமமுடைய நாமம பரிசுததபபடுவதாக

முதலில் பார்த்தால் தலை சுற்றும். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக” என்று நாக்கே புள்ளி வைத்துக்கொள்ளும். வாய்விட்டு வாசிப்பது என்ற இந்த ஒரு பழக்கம் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. ஜெபத்தைப் பத்துத் தடவை இப்படி வாசித்த பிறகு மருந்துச் சொற்களுக்கு வாருங்கள். தென என்றால் தேன், மொர என்றால் மோர், வெர என்றால் வேர், தொல என்றால் தோல். சில இடத்தில் இரண்டு வாசிப்பும் பொருந்தும். அப்போது அந்த வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பாருங்கள். ‘குழைத்து’ என்று வந்தால் தென என்பது தேன், ‘இடித்து’ என்று வந்தால் வெர என்பது வேர்.

ஓலைச்சுவடியிலும் மிகப் பழைய அச்சிலும் துணைக்காலும் ரகரமும் ஒரே உருவத்தில் வரும். எழுதியிருப்பது ‘கால்’ என்பதா ‘கரல்’ என்பதா என்ற குழப்பம் அங்கே சாதாரணம். அதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பக்கத்தின் அடியில் வலது ஓரமாக ஒரு சொல் தனியாக நின்றால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள், அது அடுத்த பக்கத்தின் முதல் சொல். தாள் மாறாமல் கட்டுவதற்காகப் போட்டது. ஸ்கேனில் பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க நமக்கும் அது உதவும்.

படி 3: எண்ணும் அளவும்

பக்கம் எண், ஆண்டு, மருந்தின் அளவு மூன்றும் தமிழ் எண்ணில் வரலாம். ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ என்பது ஒன்று முதல் ஒன்பது, ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆண்டைச் சிலர் ௧௮௬௭ என்று நாம் எழுதுவது போலவே எழுதுவார்கள். சிலர் ௲௮௱௬௰௭ என்று எழுதுவார்கள். இரண்டாவதை எழுத்துக்கூட்டி வாசிக்காமல் பேசுகிற மாதிரி வாசியுங்கள்: ஆயிரத்து, எட்டு நூறு, ஆறு பத்து, ஏழு. 1867. பக்கத்தில் ௵ இருந்தால் வருஷம், ௴ மாதம், ௳ நாள். வருஷத்தின் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷப் பட்டியலை எடுங்கள். 1867 சித்திரையில் தொடங்கியது பிரபவ, 1872 ஆங்கீரச. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும் என்பதால், அச்சகத்தின் பெயரையும் தாளையும் வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டும்.

பல அச்சகங்கள் எண்ணுக்குத் தனி அச்சு வைத்துக்கொள்ளாமல் க, உ, எ, அ என்ற எழுத்துகளையே 1, 2, 7, 8 ஆகப் போட்டுவிட்டன. ‘உ பலம்’ என்றால் இரண்டு பலம் (பலம் ஒரு பழைய எடை அளவு). ‘வ’ வந்தால் கால். ஆச்சியின் புத்தகத்தில் ஓமத்துக்கு முன்னால் நின்ற குறி அந்த ‘வ’தான். கால் பலம் ஓமம். குறிப்பின் கடைசியில் ‘எ நாள்’ என்று இருந்ததை ‘எந்நாள்’ என்று வாசித்துப் பல மாதம் குழம்பியிருக்கிறேன். அது ஏழு நாள். குழந்தைக்கு ஏழு நாள் கொடுக்கச் சொல்லி யாரோ ஒரு தாய்க்கு எழுதிக் கொடுத்தது. அதை வாசிக்க முடிந்த அன்று நான் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பலம் என்பதைச் சித்த மருத்துவத்தில் இன்று சுமார் 35 கிராம் என்று கொள்கிறார்கள், அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் மாறும். கழஞ்சு, வராகனெடை, குன்றிமணி, படி, உழக்கு எல்லாம் வரும். ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கேயே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நூல்களைப் பார்த்து வீட்டில் மருந்து செய்யாதீர்கள். நாட்டு வைத்திய நூலானாலும் இங்கிலீஷ் வைத்தியத்தின் மொழிபெயர்ப்பானாலும், பாதரசம் கலந்த மருந்துகள் அன்று சர்வ சாதாரணம். அளவை நாம் தவறாக வாசித்திருக்கவும் கூடும். வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: ஒன்றை வைத்து மற்றொன்றை வாசிப்பது

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. மிஷனரிகளும் அவர்களுடன் உட்கார்ந்து மொழிபெயர்த்த தமிழ்ப் புலவர்களும், வேதாகமத்தில் வருகிற நோய்களுக்குப் பெயர் தேடியபோது நாட்டு வைத்தியர்கள் புழங்கிய சொற்களையே பல இடத்தில் எடுத்துக்கொண்டார்கள். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிற பெண் “பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ”. பெரும்பாடு என்பது மாதவிடாய் உதிரம் நிற்காமல் போவதற்கு நம் வைத்தியத்தில் உள்ள பெயர். கோயிலில் சின்ன வயதிலிருந்து கேட்டும் எனக்கு அது ‘பெரிய கஷ்டம்’ என்றே பதிந்திருந்தது. வைத்திய நூல் ஒன்றில் அந்தத் தலைப்பைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் ஏன் கூட்டத்தில் ஒளிந்து வந்து தொட்டாள் என்பதே உறைத்தது.

இது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். வைத்திய நூலில் திமிர்வாதம் வந்தால் மாற்கு 2ஐப் பாருங்கள், கூரையைப் பிரித்து இறக்கப்பட்டவன் திமிர்வாதக்காரன், கைகால் விளங்காதவன். நீர்க்கோவை வந்தால் லூக்கா 14. மத்தேயு 17இல் தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையனைச் ‘சந்திரரோகி’ என்கிறார்கள், வலிப்பு. ‘சொஸ்தமாக்கினார்’ என்ற சொல் இரண்டு வகை நூலிலும் வரும். ஒரு நோட்டில் இடப்பக்கம் வேத வசனம், வலப்பக்கம் வைத்திய நூலில் அது வரும் இடம் என்று எழுதி வாருங்கள். இருபது சொல் சேர்ந்ததும் வாசிப்பு வேகம் பிடிப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

பக்திச் சொல் இன்னொரு வேலையும் செய்யும், முதல் தாள் கிழிந்த நூல் யாருடையது என்று காட்டிக்கொடுக்கும். கடவுளைச் சர்வேசுரன் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்க நூல். பராபரன் என்றால் பெப்ரிசியுஸ் என்ற ஜெர்மன் மிஷனரியின் வேதாகம மொழிபெயர்ப்பின் வழியில் வந்த லுத்தரன் வாசனை. தேவன் என்றே சீராக வந்தால், 1871இல் வந்த ‘ஐக்கியத் திருத்தம்’ என்ற தமிழ் வேதாகமப் பதிப்பைக் கையில் வைத்திருந்தவர்களின் காலம் என்று ஒரு ஊகம் செய்யலாம். இஸ்பிரித்து சாந்து (பரிசுத்த ஆவி), குருசு (சிலுவை) என்று போர்த்துக்கீசியச் சொற்கள் தட்டுப்பட்டால் இன்னும் பழைய கத்தோலிக்க மரபு. ஒரே சொல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று நான்கு ஒத்துவரட்டும்.

படி 5: கிறீனின் ஒரு நூலைத் திறங்கள்

இப்போது தயார். கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். 1864 வாக்கில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, 1873இல் ஊர் திரும்பினார். பிரசவ வைத்தியம் (1857), இரணவைத்தியம் (1867), மனுஷ அங்காதிபாதம் (1872), வைத்தியாகரம் (1872), கெமிஸ்தம் (1875) என்று அவரும் அவருடைய மாணவர்களும் செய்த நூல்கள் வரிசையாக இருக்கின்றன. புதியவர்களுக்கு நான் சொல்வது இரணவைத்தியம். காயம், கட்டு, எலும்பு முறிவு என்று கண்ணால் காணக்கூடிய விஷயங்கள் என்பதால் சொல் தெரியாவிட்டாலும் பொருள் ஊகிக்க வரும்.

தலைப்புகளையே கொஞ்சம் நின்று பாருங்கள். உடற்கூற்றுக்கு ‘அங்காதிபாதம்’, யாழ்ப்பாணத்து வைத்திய மரபில் ஏற்கெனவே இருந்த சொல். உடலின் தொழிற்பாட்டுக்கு ‘சுகரணம்’, வடமொழியிலிருந்து கட்டியது. வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’, ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வால். ஊரில் சொல் இருந்தால் அது, இல்லையென்றால் வடமொழி, அதுவும் சரிப்படாவிட்டால் ஆங்கிலத்தைத் தமிழ் ஓசைக்கு வளைப்பது. தெரியாத சொல் வரும்போது இந்த மூன்றில் எது என்று கேட்டுக்கொண்டால் அகராதியில் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும். இந்த வேலையின் அருமை நமக்கு இன்னும் போதிய அளவு தெரியவில்லை என்பது என் எண்ணம். 150 வருஷத்துக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பையன் மனித உடம்பை முழுக்க முழுக்கத் தமிழில் படித்து வைத்தியனாகியிருக்கிறான்.

படி 6: ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்யுங்கள்

ஒரே ஒரு பக்கம், உள்ளது உள்ளபடி. எழுத்துக்கூட்டலைத் திருத்தாதீர்கள், சந்தேகமான எழுத்துக்குச் சதுர அடைப்பு போடுங்கள். தானாக எழுத்தை எடுத்துத் தரும் மென்பொருள் 1900க்குப் பிந்தைய அச்சில் ஓரளவு உதவும், தும்பிக்கை லையிலும் எழுத்தாக நிற்கும் எண்ணிலும் தவறிவிடும். ‘உ பலம்’ அதற்கு வெறும் உகரம்தான்.

உங்கள் வீட்டிலேயே பழைய ஜெபப் புத்தகமோ வாகடம் என்கிற நாட்டு வைத்திய நூலோ இருந்தால் அதையே எடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், விரலை எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் போனில் படமெடுங்கள். அட்டையின் உட்பக்கத்தையும் வெற்றுத் தாள்களையும் சேர்த்து எடுக்க மறக்காதீர்கள். பிள்ளை பிறந்த தேதியும் கால் பலம் ஓமமும் அங்கேதான் இருக்கும்.