கண்ணாடிக்குள் லேசர் எழுத்து: வெள்ளையாகத் தெரிந்தால் தப்பு

ஏற்காடு ஏரிப் பக்கம் வாங்கியது என்று ஒரு கண்ணாடிக் கட்டியை மாணவி ஒருத்தி கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளைப் புள்ளிகளாலான பிள்ளையார். "சார், நாம செய்யப்போறதும் இதுதானே?"

இல்லை. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நுண்விரிசல். வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. நமக்கு வேண்டியது வெளிச்சத்தைச் சிதறாமல் கூட்டிப் போகும் அலைவழி. பெம்டோ செகண்ட் லேசரால், அதாவது மிகமிகக் குறுகிய துடிப்புகளாக (பல்ஸ்) ஒளியை விடும் லேசரால், அதை 1996இல் ஜப்பானில் ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் 1.450 என்றால், எழுதிய கோட்டில் 1.451 ஆகும், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூடும். வெறும் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது. ஒன்றும் விழவில்லை என்று நினைத்துப் பவரை ஏற்றுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

அடுத்தது ஆழக் கணக்கு. கிணற்றில் கிடக்கும் காசு மேலே இருப்பதுபோலத் தெரியும் அல்லவா? இங்கேயும் அதே ஒளிவிலகல்தான். லென்ஸை 100 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) இறக்கினால், லேசர் குவியும் இடமான குவியம் ஏறத்தாழ 145 மைக்ரான் இறங்கும். ஆழம் கூடக் கூடக் குவியம் நீண்டு மங்கும். கோடு மேலும் கீழுமாக இழுபட்டுப் போகும். இந்த மங்கலைத் திருத்தும் வளையம் உள்ள அப்ஜெக்டிவ் (குவிக்கும் லென்ஸ்) இருந்தால் ஒவ்வொரு ஆழத்துக்கும் அதைத் திருப்பி வையுங்கள். தகடு சாய்ந்திருந்தாலும் ஆழம் மாறும். நான்கு மூலையிலும் மேற்பரப்பைக் குவித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

பல்ஸ் வேகத்தையும் கண்மூடி வைக்கக் கூடாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறவர், சூடு சேர்ந்துவிடும் என்று தீயை ஒரே இடத்தில் நிறுத்த மாட்டார். நொடிக்குப் பத்து லட்சம் பல்ஸ் விழுந்தால், முந்தைய பல்ஸின் சூடு ஆறுமுன் அடுத்தது வந்துவிடும். போரோசிலிகேட் கண்ணாடியில் இந்தச் சூட்டை வைத்தே வழுவழுப்பான கோடு எழுதலாம். ஆனால் தகட்டை நகர்த்தும் ஸ்டேஜ் மெதுவாக நகர்ந்தால் கோடு அளவுக்கு மீறித் தடிக்கும். ஃபியூஸ்டு சிலிக்கா என்ற தூய சிலிக்கா கண்ணாடிக்கு அதே அமைப்பு பொருந்தாது. அதில் சக்தி கூடினால், போலரைசேஷனுக்கு (ஒளி அலை அதிரும் திசைக்கு) குறுக்கே நுண்வரிகள் உருவாகும். அதனால் போலரைசேஷனையும் நோட்டில் எழுதுங்கள்.

கடைசியாக ஓரம். தகட்டின் விளிம்பில் லேசர் கூம்பின் ஒரு பக்கம் வெட்டுப்படுவதால், கோடு விளிம்பு வரை போகாது. போன மாதம் எங்கள் தகட்டில் ஒரு முனையில் சிவப்பு வெளிச்சம் விட்டால் மறுமுனையில் வரவே இல்லை. எழுத்தே தப்பு என்று மூன்று நாள் தேடினோம். இரண்டு முனையிலும் 200 மைக்ரான் தேய்த்துப் பாலிஷ் போட்டதும் மறுபக்கம் சின்னதாக, வட்டமாக ஒரு சிவப்புப் புள்ளி வந்தது.