ராட்டினம் ஏறினால் தலை சுற்றுகிறதா?

சென்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனால் முதலில் ராட்டினம், பிறகுதான் டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும். வரிசையை மாற்றினால் வயிறு புரட்டும். அதற்காக வெறும் வயிறும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லி போதும்.

உள்காது "சுற்றுகிறோம்" என்கிறது, கண் வேறொன்றைச் சொல்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டல். ஜயண்ட் வீலில் கீழே பார்க்காமல் தொலைவில் அசையாத ஒரு கட்டடத்தைப் பாருங்கள். ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் கப்பலில் நடு வரிசையில் உட்காருங்கள்; இரண்டு முனைகளும்தான் அதிக உயரம் போய் வரும். பிரேக் டான்ஸ் ராட்டினம் போலப் பெட்டியும் மேடையும் தனித்தனியே சுழல்பவைதான் மோசமானவை. அதில் தலையை இருக்கையோடு ஒட்டி வைத்து, திருப்பாமல், கண்ணை மூடிக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுக்கவே கூடாது.

வாயில் எச்சில் ஊறி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்தால் அடுத்த டிக்கெட் வாங்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடியுங்கள். சின்ன இஞ்சித் துண்டை மென்றால் சிலருக்குக் கேட்கும்.

குமட்டல் மாத்திரை, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டால்தான் பலன். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம்.