ஷோரூமில் பழைய காரை நிறுத்தும்போது

சிங்கப்பூரில் கார் ஷோரூம்கள் உள்ள லெங் கீ ரோட்டில் புதுக் கார்களுக்கு நடுவே மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரை நிறுத்தினால், முதல் எதிரி ஏர்கான்தான். பகலெல்லாம் தகடு குளிர்ந்திருக்கும். இரவில் ஏர்கானை அணைத்ததும் நம்மூர் ஈரக்காற்று பட்டு வியர்த்துவிடும். துரு பெரும்பாலும் குரோம் பம்பரின் உட்புறத்தில் தொடங்கும், அங்கே யார் குனிந்து பார்க்கிறார்கள்? ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காட்டில் இருக்க, ஈரநீக்கியை இரவு முழுதும் ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம்.

பேட்டரியில் பாடியோடு சேரும் ஒயரை முதலில் கழற்றுங்கள். மைனரில் அது பாசிட்டிவ், இன்றைய கார்களைப் போல நெகட்டிவ் அல்ல. பழக்கதோஷத்தில் நெகட்டிவில் ஸ்பேனரை வைத்து, அது பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பிரேக் ஷூ டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை சக்கரம் கால் சுற்று சுற்றும்படி உருட்டுங்கள், டயர் தட்டையாகாது. எஞ்சினுக்குக் கீழே தட்டு அவசியம்: எண்ணெய் சொட்டத்தான் செய்யும்.