டர்போ, குழாய் அளவு: காசைக் கரைக்கும் தவறுகள்

வெளியேறும் புகையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. அதையும் அதன் காற்றுக் குழாய்களையும் மாற்றும்போது கிளாம்ப் இறுக்க மறப்பது, ஃபில்டர் இல்லாமல் ஓட்டுவது எல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும்.

பெரிய டர்போ மோகம்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். ஒரு தம்பி ஸ்விஃப்ட் டீசலோடு வந்தான். 2.5 லிட்டர் வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய டர்போவைப் புதுப்பேட்டையில் வாங்கி, அடாப்டர் வெட்டி மாட்டியிருந்தான். "அண்ணே, 2,800 ஆர்பிஎம் வரைக்கும் தூங்குது, அப்புறம் உதைக்குது. ரீமேப் சரியில்லையா?"

ரீமேப் என்றால் எஞ்சின் கணினியின் (இசியூ) கணக்கை மாற்றி எழுதுவது. பாவம், அது என்ன செய்யும்? டர்போ வாங்குமுன் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அந்த எஞ்சின் 1,248 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அத்தனை காற்றை இழுக்கும். 4,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,500 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 90 சதவீதம் என்று வைத்தால் 2,250. பூஸ்டும் (டர்போ ஏற்றும் அழுத்தம்) இன்டர்கூலரும் (அந்தச் சூடான காற்றைக் குளிர்விப்பது) சேர்ந்து அடர்த்தியை இரட்டிப்பாக்கினால் எடையில் நிமிடத்துக்கு 5 கிலோ சொச்சம். 1,800 ஆர்பிஎம்மில் அதே பூஸ்டுக்கு இரண்டேகால் கிலோ.

இந்த இரண்டு புள்ளிகளையும் கம்ப்ரசர் மேப்பில் (எவ்வளவு காற்றை எந்த அழுத்தத்தில் அந்த டர்போ தள்ளும் என்று காட்டும் வரைபடம்) குறியுங்கள். இடது ஓரத்து சர்ஜ் கோட்டைத் தாண்டி விழுந்தால் காற்று பின்னோக்கி மோதும், டர்போ தண்டைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் அடிவாங்கும். அதைவிடப் பெரிய தலைவலி டர்பைன் பக்கம், அதாவது புகை சுழற்றும் பக்கம்: சின்ன எஞ்சினின் புகைக்கு அந்தப் பெரிய சக்கரம் சீக்கிரம் சுழலவே சுழலாது. டீசலின் ஆட்டமோ 4,000ஐத் தாண்டியதும் முடிந்துவிடும். ஆக, தம்பிக்கு மிஞ்சியது நடுவில் ஒரு துண்டு. கம்பெனி டர்போ 2,000 ஆர்பிஎம்மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊருக்குள் ஓட்டத் தேவையான அந்தப் பகுதியைத்தான் காசு கொடுத்துத் தொலைத்திருக்கிறான்.

இதே எஞ்சினை எர்டிகாவுக்கு 90 குதிரைத்திறனாக ஏற்றியபோதுகூடப் பெரிய டர்போவைத் திணிக்கவில்லை. இறக்கைகள் அசையும் வேரியபிள் ஜியாமெட்ரி டர்போவைப் போட்டார்கள். 1,750 ஆர்பிஎம்மிலேயே 200 நியூட்டன் மீட்டர்.

மூன்று அங்குலக் குழாய்

இன்டர்கூலருக்குப் பின்னால் மூன்று அங்குலக் (76 மிமீ) குழாயையும் அந்தத் தம்பி விடவில்லை. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று ஏற்கெனவே சுருங்கியிருக்கும். மேலே சொன்ன 2,250 லிட்டர், 50 மிமீ குழாயில் நொடிக்கு 20 மீட்டருக்கும் குறைவான வேகத்தில்தான் போகும். அங்கே நெருக்கடியே இல்லை. 76 மிமீ போட்டால் கொள்ளளவு 2.3 மடங்கு. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்பிய பிறகுதான் பூஸ்ட். டர்போவுக்கு முன்னால் காற்று இன்னும் சுருங்காததால் அங்கே ஒரு சைஸ் கூட்டலாம், 63 மிமீ தாராளம்.

காற்று சென்சார்

எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கும் இந்த சென்சாரை அகலக் குழாய்க்கு மாற்றவே மாற்றாதீர்கள். 63லிருந்து 76க்குப் போனால் அதே காற்று மெதுவாகும், சென்சார் 30 சதவீதம் குறைத்துக் காட்டும். பெட்ரோல் வண்டியில் கலவை மெலிந்து தாறுமாறாக வெடிக்கும், அதாவது நாக் அடிக்கும். டீசல் வண்டியில் இசியூ டீசலைக் குறைத்துவிடும்.

சிலிகான் ஹோஸ்

டர்போவுக்கு முன்னால் கம்பிச் சுருள் வைத்தது மட்டும். மற்றது உறிஞ்சலில் சப்பையாகிவிடும்.

ஆர்.சி.

ரோட்டில் ஓடும் வண்டியா? முதலில் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய பிரிவு 52ஐப் படியுங்கள்.