டர்ட் பைக்கைக் காரின் பின்னால் ஏற்ற ஆசையா? முதலில் டேப்பை எடுங்கள்

மண் டிராக்கில் பந்தயம் ஓட்டும் டர்ட் பைக்தான் மோட்டோகிராஸ் பைக். அதற்கு நம்பர் பிளேட்டும் இல்லை, ஹெட்லைட்டும் இல்லை. பெங்களூரு அல்சூரிலிருந்து கோலார் பக்கத்து மண் டிராக்குக்கு அதை ஓட்டிக்கொண்டு போக முடியாது, எதிலாவது ஏற்றித்தான் ஆக வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் இதற்கு ஹிட்ச் கேரியர் போடுகிறார்கள். சேசிஸில் பொருத்திய சதுரக் குழாய்தான் ரிசீவர். அதற்குள் கேரியரின் தண்டைச் செருகி, குறுக்கே ஓர் இரும்பு முளை போட்டுப் பூட்டி, வாய்க்கால் மாதிரி இருக்கும் தட்டில் பைக்கைக் குறுக்காக நிறுத்துவார்கள். பார்க்க எளிது. நம் ஊர் காருக்கு ஒத்துவருமா என்பதுதான் கேள்வி.

படி 1: எடையைக் கூட்டுங்கள்

250 சிசி மோட்டோகிராஸ் பைக் ஏறக்குறைய 110 கிலோ இருக்கும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ரோடு பைக் என்றால் 150-ஐத் தாண்டிவிடும். கேரியரின் சொந்த எடையையும் சேர்க்க வேண்டும். அலுமினியத்தில் 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், இரும்பு இன்னும் கனம். மழைக்காலத்தில் ஒட்டிவரும் சேறு தனி.

படி 2: ரிசீவர் தாங்குமா?

ஒன்றேகால் அங்குல ரிசீவர் பெரும்பாலும் சைக்கிளுக்குத்தான். அதில் முதல் வகுப்பு (கிளாஸ் 1) ரிசீவர் தாங்குவது 200 பவுண்டு, அதாவது 90 கிலோ. டர்ட் பைக்குக்கு 2 அங்குல ரிசீவரே வேண்டும். இங்கே பலரும் குழம்புவது ஒன்று: இழுக்கும் திறன் வேறு, மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும் திறன் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. கார், ரிசீவர், கேரியர் மூன்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுதான் உங்கள் வரம்பு. காரோடு வரும் இழுவைக் கொக்கியை இதற்கு நம்பவே கூடாது.

படி 3: நெம்புகோல் கணக்கு

கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் இது. பைக்கும் கேரியரும் சேர்ந்த 135 கிலோ சுமை பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் நிற்கிறது என்று வையுங்கள். மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப்பின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.45 மீட்டர். 135-ஐ 1.2-ஆல் பெருக்கி 2.45-ஆல் வகுத்தால் 66. முன் சக்கரங்களின் மேலிருந்து 66 கிலோ குறைகிறது, பின் அச்சின் மேல் 201 கிலோ கூடுகிறது. ஸ்டியரிங் லேசாகும், ஈரச் சாலையில் முன் பிரேக்கின் பிடியும் குறையும். அதனால் பைக்கை பம்பருக்கு முடிந்தவரை ஒட்டி நிறுத்தும் கேரியரையே தேடுங்கள்.

படி 4: அகலம்

எனக்கு ஆசை விட்டுப்போனது இங்கேதான். பைக்கின் நீளம் சுமார் 2.2 மீட்டர், தாரின் அகலம் 1.82 மீட்டர். குறுக்காக நிறுத்தினால் இரண்டு பக்கமும் 19 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். சில்க் போர்டு நெரிசலில் அந்த இடைவெளிக்குள் எத்தனை ஸ்கூட்டர் நுழையும் என்று யோசித்துப் பாருங்கள்! சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, சுமை பக்கவாட்டில் பாடியைத் தாண்டி நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். ரிசீவரே காரில் செய்யும் மாற்றம் என்பதால், அதே சட்டத்தின் பிரிவு 52 பற்றி ஆர்.டி.ஓ.வில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நான் விசாரித்த வெல்டிங் கடைக்காரர் சிரித்துக்கொண்டே "சொல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்) என்று கன்னடத்தில் சொன்னார். ஹெல்மெட் விஷயத்தில்கூட அட்ஜஸ்ட் பண்ணாத ஆள் நான், திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே என் கருத்து: கார் சின்னதென்றால் கேரியரை மறந்துவிடுங்கள். வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் இருந்தால் பின்தட்டிலேயே ஏற்றலாம். எதுவும் இல்லையென்றால் வாடகை டாடா ஏஸ் இருக்கிறது, நான் அதில்தான் போகிறேன்.

படி 5: சொந்த இடத்துக்குள் மட்டும் கேரியர் போதும் என்பவர்களுக்கு

பண்ணைக்குள்ளேயே பைக்கை நகர்த்த வேண்டும் என்றால் அகலம் அவ்வளவு பிரச்சினை இல்லை. ரிசீவருக்குள் தண்டு ஆடாமல் இறுக்கும் போல்ட்டும், பைக்கை ஏற்றச் சரிவுப் பலகையும் உள்ள கேரியராகப் பாருங்கள். சைலன்சர் புகை பைக்கின் டயர் மேல் நேராக அடிக்கக் கூடாது.

எதில் ஏற்றினாலும் கட்டும் முறை ஒன்றுதான். ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு பக்கமும் ராட்செட் பட்டை, பின்பக்கம் இன்னும் இரண்டு. முன் ஃபோர்க்கை அடிவரை அமுக்கிக் கட்டினால் ஆயில் சீல் கெட்டுவிடும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டை வையுங்கள். பெட்ரோல் குழாயை மூடுங்கள். கே.ஆர். புரம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டிப் பட்டைகளைத் தொட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.